கவாத்துக்கு பேட்டரி ரம்பம்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் வீட்டு மரங்களைக் கழித்துவிட வேண்டும் என்ற அவசரம் ஆவணி, புரட்டாசியில் எல்லோருக்கும் வரும். மரம் ஏறும் ஆளுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், பேட்டரியில் ஓடும் சின்ன செயின் ரம்பத்தை வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை.

ஆன்லைனில் 6 இன்ச் ரம்பம் ஒன்று "88 வோல்ட், இரண்டு பேட்டரி" என்று மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெயருள்ள கம்பெனியில் 18 வோல்ட் பேட்டரி ஒன்றே அந்த விலை சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், திண்டுக்கல்

அந்த 88-ஐ மல்டிமீட்டரில் அளந்தால் 20-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். பெட்டிக்குள் இருப்பவை லித்தியம் செல்கள். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல்லைத் தொடராகக் கோத்தால் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21. ஆக "18 வோல்ட்", "20 வோல்ட் மேக்ஸ்", "21 வோல்ட்" மூன்றும் ஒரே ஐந்து செல் பேட்டரிதான். எந்த நிலையில் அளந்த எண்ணை ஸ்டிக்கரில் அச்சடிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நிஜமாகவே 88 வோல்ட் வேண்டுமென்றால் இருபதுக்கு மேல் செல்களைத் தொடராகக் கோக்க வேண்டும். உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் அதற்கு இடம் ஏது?

நீங்கள் பார்க்க வேண்டியது வாட் ஹவர். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்குங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36. 4 ஆம்பியர் ஹவர் என்றால் 72. வோல்ட் என்பது மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. ஆம்பியர் ஹவர் என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது வாட் ஹவர். ஸ்டிக்கரில் வோல்ட்டை மட்டும் பெரிதாகப் போட்டு ஆம்பியர் ஹவரைச் சொல்லாத பேட்டரியை விட்டுவிடுங்கள்.

விலை குறைந்ததெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டோம். செம்பருத்தி, கொய்யா, எலுமிச்சை என்று இரண்டு இன்ச்சுக்குள் வெட்டுபவருக்கு அதுவே ஓரளவு உழைக்கும். ஆனால் மூன்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் டிரிக்கர் இறங்க வேண்டும். பாருக்கு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டுக்கு, மேலே மூடியும் தடுப்பும் இருக்க வேண்டும். மாற்றுச் செயின் தனியாகக் கிடைக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே 18 வோல்ட் டிரில் மெஷின் இருந்தால், அதே கம்பெனியில் பேட்டரி இல்லாமல் ரம்பத்தை மட்டும் விற்கிறார்களா என்று கேளுங்கள். செலவில் பாதி பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது.

வீட்டில் ஒரு மா, ஒரு வேம்பு, முருங்கை, எலுமிச்சை இருக்கின்றன. 4, 6, 8 இன்ச் என்று வருகிறது. எது வாங்கலாம்?
– வாசகி, மதுரை

அந்த இன்ச் என்பது பாரின் நீளம். அவ்வளவு தடிமனையும் வெட்டலாம் என்று பொருளல்ல. பாரின் மூக்கு கிளைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் பார் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வசதியான தடிமன். 4 இன்ச்சில் இரண்டரை, 6 இன்ச்சில் நான்கு, 8 இன்ச்சில் ஐந்து, ஐந்தரை. உங்கள் நான்கு மரத்துக்கும் 6 இன்ச் போதும். அதற்கும் தடித்த வேப்பங்கிளை என்றால் தரையில் நின்று கழிக்கும் வேலையாக அது இருக்காது. தொழில் தெரிந்த ஆளிடம் விடுவதே சரி.

இன்னொரு கருவியையும் யோசியுங்கள். முன்னும் பின்னுமாக இழுக்கும் ரெசிப்ரோகேட்டிங் ரம்பம். பச்சை மரத்துக்கென்று வரும் 9 இன்ச் பிளேடு, இன்ச்சுக்கு ஐந்தாறு பல் உள்ளதாகப் போட வேண்டும். எண்ணெய் வேண்டாம், செயின் கழலாது, மண்ணுக்குள் இருக்கும் வேரையும் வெட்டும். குறை, கையை உதறும். முன்னால் இருக்கும் தகட்டைக் கிளைமேல் அழுத்திப் பிடித்தால் உதறல் குறைந்துவிடும். பலர் அந்தத் தகட்டைக் காற்றில் விட்டுவிட்டு, மெஷின் சரியில்லை என்கிறார்கள். காகிதப்பூ, எலுமிச்சை போன்ற முள் நெருக்கத்தில் நீளமான பிளேடு உள்ளே போவது பெரிய சௌகரியம்.

கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் கவாத்துக் கத்தரிதான். அதற்கெல்லாம் மோட்டார் எதற்கு?

புது ரம்பம். மூன்று கிளை வெட்டினேன். நான்காவதில் வெட்டாமல் புகைதான் வந்தது. செயினும் ஒருமுறை கழன்றது. மெஷின் பழுதா?
– வாசகர், கும்பகோணம்

பெரும்பாலும் இல்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையாகப் பாருங்கள்.

முதலில் செயின் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? பாரின் மேல் விளிம்பில் வெட்டும் பல்லின் கூர்முனை மூக்கை நோக்கி இருக்க வேண்டும். கீழ் விளிம்பில் கைப்பிடியை நோக்கித் திரும்பிவிடும். தலைகீழாக மாட்டினால் பல்லின் முதுகுதான் மரத்தைத் தேய்க்கும். தேய்த்தால் புகைதான் வரும். கழன்ற செயினைத் திரும்ப மாட்டும்போது இந்தத் தவறு நடப்பது சகஜம். உங்களுக்கும் செயின் கழன்றிருப்பதால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம்.

அடுத்து இறுக்கம். புதுச் செயின் முதல் அரைமணி நேரத்தில் நன்றாகவே தளரும். கையுறை போட்டுக்கொண்டு பாரின் அடிப்பக்க நடுவில் செயினைக் கீழே இழுத்து விடுங்கள். படக்கென்று திரும்பி பாரோடு ஒட்ட வேண்டும். இழுக்கும்போது செயினின் அடிப்பற்கள் பாரின் பள்ளத்தை விட்டு முழுசாக வெளியே வந்துவிட்டால் தளர்வு. கையால் செயினைச் சுற்றவே முடியவில்லை என்றால் அதிக இறுக்கம்; மோட்டார் திணறி பேட்டரியைக் குடிக்கும். திருகை முடுக்கும்போது பாரின் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முடுக்குங்கள். இல்லாவிட்டால் வெட்டத் தொடங்கியதும் பார் மேலேறி மறுபடி தளர்ந்துவிடும். இறுக்குவதைச் செயின் ஆறிய பிறகு செய்யுங்கள். சூட்டில் நீண்டிருக்கும்போது முடுக்கிவிட்டுப் போனால், ஆறிச் சுருங்கும்போது பாரையும், செயினைச் சுழற்றும் பல்சக்கரத்தின் தண்டையும் இழுத்து வளைக்கப் பார்க்கும்.

மூன்றாவது எண்ணெய். சின்ன ரம்பங்கள் பலவற்றில் தானாக எண்ணெய் ஊறாது. எண்ணெய்க் குமிழை அழுத்தியோ சொட்டு விட்டோ நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை செயின்மேல் சில சொட்டு.

இவை மூன்றும் சரியென்றால் பல் மழுங்கியிருக்கிறது. விழும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூரான செயின் சிறு சிறு சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவு போலத் தள்ளும். ஒரே ஒரு முறை மண்ணைத் தொட்டாலும் மழுங்கிவிடும். வேப்பமரத்தில் துணிக்கொடி கட்ட எப்போதோ அடித்த ஆணி, பட்டைக்குள் புதைந்து கிடக்கும் கம்பி, இவையெல்லாம் செயினுக்கு எமன். வெட்டும் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? வண்டியில் வடித்த பழைய ஆயில் நிறைய இருக்கிறது, அது?
– வாசகர், பொள்ளாச்சி

பழைய ஆயில் கூடாது. அதில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும், தோலுக்குக் கெடுதல். செயின் சுழலும்போது அது உங்கள் முகத்திலும், நாளை பறித்துச் சமைக்கப்போகும் முருங்கைக் கீரையிலும்தான் தெறிக்கும்.

தேங்காய் எண்ணெய் தற்காலிகமாகப் பரவாயில்லை. இரண்டு தொந்தரவு உண்டு. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் உங்கள் ஊரிலேயே குமிழுக்குள் கட்டியாக நிற்கும். இன்னொன்று, எந்தச் சமையல் எண்ணெயும் வாரக்கணக்கில் சும்மா இருந்தால் பிசினாகி பாரின் பள்ளத்தை அடைக்கும். சமையல் எண்ணெய் விட்டால் அன்றைக்கே செயினையும் பாரையும் துடைத்துவிடுங்கள். செயின் ஆயில் என்று விற்பதில் ஒட்டும் தன்மைக்காக ஒரு சேர்மானம் உண்டு. வேகத்தில் சிதறாமல் செயினோடு நிற்கும். அது கிடைக்காவிட்டால் பிரிக்காத டப்பாவிலிருந்து எஸ்ஏஇ 30 என்ஜின் ஆயில் விடலாம்.

வேப்பங்கிளையை மேலிருந்து வெட்டினேன். முக்கால்வாசி வெட்டும்போதே முறிந்து, அடிமரத்துப் பட்டையை இரண்டடி நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. எப்படி வெட்டியிருக்க வேண்டும்?
– வாசகர், செங்கல்பட்டு

கிளையின் பாரத்தை முதலில் கழித்துவிட்டு, அதன்பின் அடிக்கட்டையை எடுக்க வேண்டும். ஒரு கிளைக்கு மூன்று வெட்டு.

முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி. தடிமனில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை போனால் போதும். அதற்கு மேல் போனால் கிளை இறங்கி பாரைக் கவ்விக்கொள்ளும். அப்படிக் கவ்வினால் டிரிக்கரை அழுத்தி இழுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கிளையைத் தூக்கிப் பிடித்து உருவுங்கள்.

இரண்டாவது, அதிலிருந்து ஒன்றிரண்டு இன்ச் வெளிப்பக்கமாக, மேலிருந்து கீழ்நோக்கி. கிளை முறியும்போது பட்டை உரிந்து வரும். ஆனால் முதல் வெட்டு வரைதான் வரும், அங்கே அறுந்துவிடும். உங்களுக்கு இந்த முதல் வெட்டு இல்லாததால்தான் அடிமரம் வரை கிழிந்தது.

மூன்றாவது வெட்டில்தான் மரத்தின் ஆயுசு இருக்கிறது. இப்போது ஒரு அடி கட்டை நீட்டிக்கொண்டிருக்கும், பாரம் கிடையாது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் ஒரு உப்பல் தெரியும். மேல்பக்கக் கவட்டில் பட்டை சுருங்கிச் சொரசொரப்பாக ஒரு வரம்பு ஓடும். அந்த வரம்புக்கும் உப்பலுக்கும் வெளியே, உப்பலைத் தொடாமல் வெட்டுங்கள். வெட்டு அடிமரத்துக்கு இணையாக நேராக இருக்காது, கீழே கொஞ்சம் வெளித்தள்ளிச் சாய்ந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"வழவழவென்று அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால்தான் அழகு" என்று பலர் அந்த உப்பலையே சீவிவிடுகிறார்கள். காயத்தை மூடும் திசு வளர்வது அதிலிருந்துதான். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் இதை விளக்கினார். ஏராளமான மரங்களை மோட்டார் ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்து, மரம் காயத்தை நம்மைப்போல் ஆற்றிக்கொள்வதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிடுகிறது என்று கண்டார். உப்பலைச் சீவினால் அந்தச் சுவர் பலவீனமாகி, அழுகல் அடிமரத்துக்குள் இறங்கும். நேர்மாறாக, முளை போல அரையடி கட்டையை விட்டுவைத்தாலும் கெடுதல்தான். அது காய்ந்து செத்து, கறையானுக்கும் துளைப்பானுக்கும் வாசல் ஆகும்.

ஏற்கெனவே கிழிந்த இடத்துக்கு: தொங்கும் பட்டையைக் கூரான கத்தியால் ஒட்டியிருக்கும் இடம் வரை மட்டும் நறுக்கிவிடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பட்டையைப் பிய்க்க வேண்டாம்.

வெட்டிய இடத்தில் சாணி பூசலாமா, பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகி, புதுக்கோட்டை

வேம்பு, புங்கை, பூவரசு எதற்கும் ஒன்றும் பூச வேண்டாம். சரியான இடத்தில் வெட்டியிருந்தால் மரமே பார்த்துக்கொள்ளும். எனாமல் பெயின்ட் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான் மிச்சம்.

மா, எலுமிச்சை, மாதுளையில் பூஞ்சாண நோய் அதிகம் என்பதால், ஒரு இன்ச்சுக்கு மேற்பட்ட வெட்டுக்குப் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரில் நீற்றி ஆறவிடுங்கள். இரண்டையும் மூன்றாவது பாத்திரத்தில் சேர்த்து ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்சட்டிதான்; இரும்பு கூடாது. தேய்த்துக் கழுவிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கிப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றே பூசித் தீர்த்துவிடுங்கள். மறுநாளைக்கு எடுத்து வைத்தால் வீரியம் இருக்காது.

முருங்கையை எவ்வளவு உயரத்தில் வெட்டுவது?
– வாசகர், தேனி

முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. விதை போட்டு வளர்த்த செடிமுருங்கை என்றால் காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ., அதாவது மூன்றடி விட்டு மொத்தமாக வெட்டிவிடலாம். துளிர்த்து வருவதில் எட்டுத் திசைக்கும் பரவலாக நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளி எறியுங்கள். நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். போத்து (நடும் கிளைத்துண்டு) வைத்து வளர்ந்த பழைய மரம் என்றால் மூன்றடிக்கு இறக்க வேண்டாம். முக்கியக் கிளைகளை ஆள் உயரத்தில் நிறுத்தினாலே கைக்கு எட்டும் இடத்தில் காய் வரும். அடைமழைக் காலத்தில் வெட்டாதீர்கள். வெட்டுவாயில் நீர் தேங்கி அழுகும். வெட்டை லேசாகச் சாய்வாக வையுங்கள்.

ரம்பத்துக்கு இது சோதனையான மரம். கட்டை மெத்தென்று இருப்பதால் வழுக்கிக்கொண்டு இறங்கும்; ஆனால் ஈர நாரும் பிசினும் பல்சக்கர மூடிக்குள் போய் அடைந்துகொள்ளும். நாலைந்து கிளைக்கு ஒருமுறை பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, பழைய பல்துலக்கியால் தள்ளிவிடுங்கள். இதைச் செய்யாமல்தான் பலருக்குச் செயின் கழல்கிறது. இன்னொன்று, முருங்கை முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். பாதி வெட்டும்போதே மொத்தமும் தலைக்கு மேல் வரும். நேர் கீழே நிற்காதீர்கள்.

நேரான தடித்த கிளைகளை மூன்று முதல் ஐந்தடி நீளத்தில் எடுத்து நிழலில் வையுங்கள். யாருக்காவது நடுவதற்குப் போத்து ஆகும்.

மாமரம் ஜன்னலை மறைக்கிறது. கார்த்திகையில் கழிக்கலாமா?
– வாசகர், சேலம்

கழித்தால் அந்தப் பக்கத்துக்கு வரும் வருஷம் மாங்காய் கிடையாது. மா பூப்பது முதிர்ந்த கிளை நுனியில், மார்கழி, தையில். கார்த்திகையில் நுனியை வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். அறுவடை முடிந்த கையோடு, ஆடி, ஆவணிக்குள் முடித்துவிட்டால் புதுத் துளிர் முதிர்வதற்கு நேரம் இருக்கும். ஒரே தடவையில் பச்சையில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்நோக்கி வளர்வது, நெட்டுக்குத்தலாக நிற்கும் வெறும் கிளை, இந்த வரிசையில் எடுங்கள். மொட்டையடித்தால் அடுத்த வருஷம் குச்சி குச்சியாக ஏகப்பட்ட கிளை கிளம்பி, முன்னைவிட அதிகமாக ஜன்னலை மறைக்கும்.

மாம்பால் பலருக்குத் தோலைப் புண்ணாக்கும். ரம்பம் அதைத் தூறலாகத் தெளிக்கும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி கட்டாயம்.

தென்னை மட்டை வெட்ட இந்த ரம்பம் ஆகுமா?
– வாசகர், பேராவூரணி

வேண்டாம். காய்ந்த மட்டையை அரிவாளோ தொரட்டியோ பார்த்துக்கொள்ளும். பச்சை மட்டையை வெட்டினாலோ மரத்தில் காயம் பட்டாலோ அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். தவிர்க்கவே முடியாமல் பச்சை மட்டையை எடுக்க வேண்டியிருந்தால் மரத்திலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். தென்னை நார் வேறு பல்சக்கரத்தில் கயிறு திரித்துக்கொள்ளும்.

கையில் கிரைண்டர் மெஷின் இருக்கிறது. அதில் மாட்டும் செயின் ரம்ப வட்டு ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அது போதாதா?
– வாசகர், ஓசூர்

வாங்காதீர்கள். நாலு இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும். மரக்கிளையில் பல் சிக்கினால் மெஷின் மொத்தமும் கையை விட்டு எகிறும். பல மாடலில் டிரிக்கரே கிடையாது, ஸ்விட்சைத் தள்ளிவிட்டால் கீழே விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். இரும்பு தேய்க்க வந்த மெஷின் அது.

4 இன்ச்தானே, எடையும் ஒரு கிலோ சொச்சம். ஒரு கையால் ரம்பம், மறு கையால் கிளை என்று ஏணியில் நின்று வெட்டினால் வேலை சீக்கிரம் முடிகிறது. இதில் என்ன ஆபத்து?
– வாசகர், நாகர்கோவில்

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பெரிய ரம்பத்தைக் கண்டால் பயம் வரும், இரண்டு கை தானாகப் போகும். இது பொம்மை மாதிரி இருப்பதால்தான் சங்கடமே.

பாரின் மூக்கில் மேல் கால்வட்டம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் செயின் மேலிருந்து வளைந்து கீழே இறங்கப் போகும். அங்கே ஏதாவது கிளை பட்டால் பல் வெட்டாமல் மாட்டிக்கொள்ளும். மோட்டாரின் வேகம் முழுக்கப் பாரை மேலே, உங்களை நோக்கித் தூக்கி எறியும். கிக்பேக் என்பது இதுதான். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், கையை இழுக்க நேரம் இருக்காது. ஒரு கைப்பிடியில் மணிக்கட்டுதான் அச்சு. ரம்பம் அதைச் சுற்றித் திரும்பி முகத்துக்கோ, கிளையைப் பிடித்திருக்கும் மறு கைக்கோ வரும். பெரிய ரம்பத்தில் கிக்பேக்கில் செயினை நிறுத்தும் பிரேக் இருக்கும். கையடக்க ரம்பங்கள் பலவற்றில் அது கிடையாது. டிரிக்கரை விட்டபிறகும் செயின் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். அதனால் மூக்கால் குத்தி வெட்டாதீர்கள். பாரின் அடிப்பகுதி, கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தைக் கிளையில் பொருத்திவிட்டு டிரிக்கரை அழுத்துங்கள். மறு கையும் ரம்பத்தின்மேல்தான் இருக்க வேண்டும். கிளை ஆடினால் கயிற்றால் கட்டுங்கள்.

ஏணி விஷயம் இன்னும் மோசம். வெட்டும் கிளையிலோ அதன் தாய்க்கிளையிலோ ஏணியைச் சாத்தியிருப்பீர்கள். நுனிப் பாரம் விழுந்ததும் மிச்சக் கிளை சட்டென்று அரையடி, ஒரு அடி மேலே எழும்பும். ஏணி சாய்மானம் இல்லாமல் நிற்கும். எட்டாத உயரத்துக்குக் கம்பத்தில் பூட்டும் ரம்பம் இருக்கிறது. கம்பம் தரையோடு 60 டிகிரிக்கு மேல் நிமிராமல், கிளை விழும் இடத்துக்கு வெளியே தள்ளி நின்று, நுனியிலிருந்து இரண்டு மூன்றடித் துண்டாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். அதிலும் எட்டாததை விட்டுவிடுங்கள்.

உடுப்பு: ஹெல்மெட், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ. வேட்டி, தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் முந்தானை எதுவும் கூடாது. தோல் கையுறை சிராய்ப்புக்குத்தான், ஓடும் செயினை அது தடுக்காது.

கிளை மின்கம்பியைத் தொடுகிறது. கைப்பிடியில் ரப்பர் இருக்கிறதே, வெட்டலாமா?
– வாசகி, திருவள்ளூர்

கூடாது. ரம்பம் பூட்டும் கம்பம் அலுமினியம், பச்சைக் கிளை ஈரம், இரண்டிலும் மின்சாரம் பாயும். தெருவில் போவது 11,000 வோல்ட் கம்பியாக இருந்தால் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே தாவும். கம்பியிலிருந்து மூன்று மீட்டருக்குள் எந்தக் கிளையையும் நீங்கள் தொடாதீர்கள். கம்பத்துக்கு நீளம் உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகு அவர்கள் ஆட்களே கழிக்கட்டும். தெருவோர மரமாக இருந்தால் அது உள்ளாட்சிக்குச் சொந்தம். உங்கள் வாசலில் நின்றாலும் அனுமதி வேண்டும்.

கோடையில் ஐந்து நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. பேட்டரி சூடாக இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாமா?
– வாசகர், வேலூர்

ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே வியர்த்து, சர்க்யூட்டில் ஈரம் படியும். நிழலில் அரைமணி நேரம் வையுங்கள், போதும்.

நின்றது கோளாறு இல்லை. சூடு மீறினால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டே நிறுத்திவிடும். ஏன் அவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி. ரம்பத்தை அழுத்துகிறீர்களா? கூரான செயின் தன் எடையிலேயே இறங்கும். அழுத்த வேண்டியிருக்கிறது என்றால் செயின் மழுங்கியிருக்கிறது. செயின் சரியாக இருந்தால் அடுத்தது கிளைத் தடிமன். பாருக்கு மீறிய கிளையில் போராடினால் பேட்டரி கொதிக்கும்.

லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக்கூடாது. உங்கள் ஊர்ச் சித்திரை மதியத்தில் வேலை முடிந்த பேட்டரி அதைத் தாண்டியிருக்கும். ஆறவிட்டு மாலையில் போடுங்கள். ஸ்கூட்டர் டிக்கியிலோ தகரக் கொட்டகையிலோ விட்டு வைக்காதீர்கள். மாதக்கணக்கில் உபயோகம் இல்லையென்றால் சார்ஜ் காட்டும் நாலு விளக்கில் இரண்டு எரியும் அளவில் நிறுத்தி, வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடக்கூடாது. குப்பையிலும் போடக்கூடாது, பழைய பேட்டரி வாங்கும் மின்கழிவு மையத்தில் கொடுங்கள்.

செயினைத் தீட்டலாமா, புதிது வாங்கலாமா?
– வாசகர், கோவை

4, 6 இன்ச் என்றால் புதிது வாங்குவதே லாபம். வாங்கும்போது இன்ச் மட்டும் சொன்னால் தவறானது வரும். பாரின் பள்ளத்துக்குள் இறங்கும் அடிப்பற்களை எண்ணிச் சொல்லுங்கள்; பழைய செயினைக் கையோடு கொண்டு போவது இன்னும் நல்லது.

10 இன்ச்சுக்கு மேல் என்றால் தீட்டலாம். செயினுக்கு ஏற்ற உருட்டு அரம், பெரும்பாலும் 4 மி.மீ.; மிகச் சிறு பல் என்றால் 3.2 மி.மீ. மேனுவலில் பார்த்து வாங்குங்கள். பல் மேலிருக்கும் சாய்கோடு பெரும்பாலும் 30 டிகிரியில் இருக்கும், அதை ஒட்டி, உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். இழுக்கும்போது தேய்க்க வேண்டாம். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் ஐந்து என்று தேய்த்தால் வெட்டு நேராக இறங்காமல் ஒருபக்கமாக வளைந்து போகும்.

எலுமிச்சையில் சொறி நோய் இருக்கிறது. ரம்பம் வழியாகப் பரவுமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பரவும். நோய் உள்ள மரத்தைக் கடைசியாக வெட்டுங்கள். மழைபெய்து இலை ஈரமாக இருக்கும்போது கைவைக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, தூளைத் துடைத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் செயினையும் பாரையும் நனைத்து உலரவிட்டு, பிறகு எண்ணெய் விடுங்கள். பிளீச்சிங் கரைசல் செயினைத் துருவாக்கும்.

மரத்தில் கதண்டு (பெரிய குளவி) கூடு இருக்கிறது. கிளையோடு வெட்டிவிடலாமா?
– வாசகர், மன்னார்குடி

ரம்பத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். மோட்டார் அதிர்வு கூட்டைக் கிளப்பிவிடும். கதண்டு கூட்டமாகக் கொட்டி உயிரே போயிருக்கிறது. தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-இல் சொல்லுங்கள். இரவில் அவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

அரளியும் திருகுகள்ளியும் வேலியில் அடர்ந்துவிட்டன. மெஷினால் கழித்து, குப்பையோடு கொளுத்தலாமா?
– வாசகி, ராமநாதபுரம்

கள்ளிக்கு மெஷின் வேண்டாம். அதன் பால் கண்ணில் ஒரு சொட்டு விழுந்தாலே பார்வைக்கு ஆபத்து. சுழலும் செயின் அதை வாரி இறைக்கும். நீண்ட கைப்பிடிக் கத்தரியால், கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியோடு வெட்டுங்கள். தெறித்துவிட்டால் உடனே தண்ணீரை ஓடவிட்டுக் கால்மணி நேரம் கழுவி, கண் மருத்துவரிடம் போங்கள்.

அரளியை ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தால் வெட்டலாம். ஆனால் கொளுத்தக்கூடாது, புகையும் நஞ்சு. ஆடு மாடு எட்டாத இடத்தில் குழிவெட்டிப் புதையுங்கள். காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. வேலை முடிந்ததும் பாலும் தூளும் பட்ட பிளேடை, கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.